எட்டடி ஷெட், பத்தடி ஷெட்

எங்கள் முதலாளியின் கார் ஷெட் எட்டடி அகலம். ஒன்பதடியாகக் கட்டியிருக்கலாம், இடம் இருந்தது. மேஸ்திரி விடவில்லை. மனையடிக் கணக்கில் எட்டு நல்லது, ஒன்பது ஆயுசைக் குறைக்கும் என்று கையில் நூலோடு நின்று சொல்லிவிட்டார். முதலாளி உத்திரமேரூரில் அரிசி மில் வைத்திருப்பவர். விற்க வருகிற நெல்லைக் கடித்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார். அப்பேர்ப்பட்டவர் மேஸ்திரி சொன்னால் மட்டும் மறுபேச்சு பேசமாட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நான் அப்போதுதான் அவரிடம் டிரைவராகச் சேர்ந்திருந்தேன். ஷெட்டை ஒட்டி எனக்கும் என் மனைவிக்கும் ஓர் அறை கட்டினார்கள். ஷெட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஷெட்டுக்கு எட்டு போக மிச்சம் ஒன்பதடி இருந்தது, அது எங்கள் அறைக்கு வந்தது. அதற்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தலைக்கு மேலே ஒரு கூரை கிடைத்ததே, அது போதாதா? குளியலறையும் கக்கூசும் ஷெட்டின் பின்னால். அறையிலிருந்து வாசலுக்கு வந்து, ஷெட்டுக்குள் நுழைந்து, காருக்கும் சுவருக்கும் நடுவே நடந்து போனால் கடைசியில் ஒரு சின்னக் கதவு. இந்த வழியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது முழுக்க இந்த வழியைப் பற்றித்தான்.

முதல் கார் சென்னையில் யாரோ ஓட்டிவிட்டு விற்றது. வெளிநாட்டுக் கம்பெனி, நாலு கதவு, ஆறு சிலிண்டர். பார்க்க ஒரு தகரப் பெட்டி மாதிரி இருக்கும். மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் உள்ளங்கையில் தெரியும். பஜாரில் நிறுத்தினால், "எம்மாம் பெரிய காருடா" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஷெட்டில் விட்ட பிறகு ஒரு பக்கம் முதலாளியின் மொபெட் நிற்க இடம் இருக்கும், இன்னொரு பக்கம் கதவை முழுக்கத் திறந்து நான் இறங்குவேன். அதைத்தான் பெரிய கார் என்று சொன்னோம்.

சில வருஷம் கழித்து இரண்டாவது வந்தது. அதே கம்பெனி, அதே பெயர், நடுவில் ஒரு தலைமுறையோ இரண்டோ போய்விட்டதாம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கிற அன்று ஷோரூம் வாசலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அப்பனும் பிள்ளையும் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளை அப்பனைவிட ஒரு சுற்றுப் பெரிசு. ஷோரூம்காரர் விளக்கம் சொன்னார். மோதினால் தாங்க வேண்டும், பக்கவாட்டில் காற்றுப்பை வைக்க வேண்டும், பின் சீட்டில் காலை நீட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வளர்த்துக்கொண்டே போகிறார்களாம். இன்றைக்கு வருகிற சின்ன மாடல் அந்தக் காலத்துப் பெரிய மாடல் அளவுக்கு ஆகிவிட்டதாம்.

"அப்போ பெரிய மாடலு இன்னா ஆச்சி?" என்று கேட்டேன்.

"அது இன்னும் பெருசா ஆயிடுச்சுண்ணா," என்றார். நல்ல பதில்தான்.

கார் வளர்ந்தது, எங்கள் ரோடு வளரவில்லை. அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கத்தில் நெல்லை ரோட்டில்தான் காயப்போடுவார்கள். பாதி ரோடு நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. முதல் கார் அந்தப் பாதியில் நெல்லைத் தொடாமல் போகும். இரண்டாவது காரின் டயர் ஓரத்து நெல்லை நசுக்கிக்கொண்டு போகும். நெல் கிளறுகிற பொம்பளைகள் கட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா? கண்ணு தெரில?" என்பார்கள். பின் சீட்டில் முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் நசுக்குகிற நெல் அடுத்த வாரம் எங்கள் மில்லுக்குத்தான் வரும். இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் மீட்டரில் எழுதியிருக்கும், நான் முப்பதில் போய்க்கொண்டிருப்பேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன்.

இரண்டாவது கார் வந்ததும் மொபெட் ஷெட்டைவிட்டு வெளியே போனது. இடது பக்கக் கண்ணாடியை மடக்கி, அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால்தான் வலது பக்கத்தில் நான் இறங்க முடியும். அங்கே ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் மிஞ்சும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி விழுந்தாள். காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு அப்படியே சாய்ந்தாள். இடது கையும் இடது காலும் போய்விட்டன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அங்கே நடக்கப் பழக்குகிற அம்மா இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஒரு நடைபாதையில் அவளை நிறுத்தி, தினமும் நடக்க வைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, "இதே மாதிரி வீட்லயும் ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிட்டு நடக்கணும், வுட்டா கால் மரத்துடும்," என்றார்.

வீட்டில் கம்பிக்கு எங்கே போவது? நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் யோசிக்கவில்லை. வந்த இரண்டாவது நாளே ஷெட்டுக்குள் போய்விட்டாள். வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வராத இடது பக்கத்தைக் காரின் மேல் சாய்த்துக்கொண்டு, இழுத்து இழுத்து பின் கதவுவரைக்கும் போனாள். திரும்பும்போது சுவர் இடது பக்கம் வந்துவிடும். அப்போது தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வலது உள்ளங்கையைக் காரின் மேல் ஊன்றி ஊன்றி வந்தாள். நான் பயந்துபோய் ஓடினேன்.

"கிட்ட வராத. நானே வரேன்," என்றாள். "யோவ், ஆஸ்பத்திரி கம்பி கூட ஆடும்யா. இது ஆடவே இல்ல."

அன்று முதல் அவள் கக்கூசுக்குத் தானாகப் போய்த் தானாக வந்தாள். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் புருஷன் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்து, கழுவிவிட்டு, தூக்கிக்கொண்டு வருவதை ஒரு மாதம் பொறுத்தவளுக்கு அதுதான் பெரிய விஷயம். அந்த ஒரு மாதமும் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஷெட்டில் நடந்துவிட்டு வந்த அன்றுதான், "இன்னா மொறைக்கிற? போயி நாஷ்டா துன்னு," என்று பழையபடி அதட்டினாள்.

ஒரே பேஜார், கார் வெளியே போயிருந்தால் கஷ்டம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள், திரும்ப முடியாது. வலது கைக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒரு நாள் முதலாளியை காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு மத்தியானம் திரும்பினால், பின் கதவுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் போனவளாம். "கார ஏன்யா இம்மா நேரம் எடுத்துக்கினு போன?" என்று கேட்டாள். நான் காரை உள்ளே விட்டேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

கறுப்புக் கார். அவள் கை வைத்த இடமெல்லாம் வரிசையாக உள்ளங்கை அச்சு விழுந்திருக்கும். தினமும் காலையில் முதலாளி வருவதற்குள் துடைத்துவிடுவேன். அச்சு எத்தனை நெருக்கமாக இருக்கிறது, எத்தனை தள்ளி இருக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு அவள் நடை எப்படி என்று தெரிந்துவிடும். போகப்போக அச்சுகள் தள்ளித் தள்ளி விழுந்தன.

அப்புறம்தான் முதலாளிக்கு மூன்றாவது கார் ஆசை வந்தது. இந்த முறை இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு மஞ்சப்பையை வைக்கலாம். வயசு ஐம்பதைத் தாண்டிய மனுஷர், கட்டைப் பிரம்பு மாதிரி நிமிர்ந்து நடக்கிறவர், குனிந்து குனிந்து அதில் ஏறி இறங்கிப் பார்த்தார். அவர் வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க குந்தறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். முதலாளிக்கு அது காதில் விழவில்லை. சேதி கேட்ட என் மனைவிக்கோ சந்தோஷம்.

"புது காரு இன்னும் நீளமாமே?"

"ஆமா. நீளந்தான்."

"நல்லதா போச்சி. ரெண்டு அடி எச்சா நடப்பேன்," என்றாள். அகலத்தை அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதலாளி நினைத்தார். இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம் என்பது அவருக்கு ஷோரூமிலேயே தெரிந்துவிட்டது. நாலு கதவுக் காரில் கொஞ்சமாகத் திறந்தாலும் நழுவி இறங்கிவிடலாம். இதில் கதவை விரியத் திறந்தால்தான் ஆள் வெளியே வரமுடியும். காரும் முந்தியதைவிட அகலம். மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஷெட்டின் அந்தப் பக்கம் மில்லின் மதில். அதை நகர்த்த முடியாது. நகர்த்தக்கூடியது எங்கள் அறைச் சுவர் ஒன்றுதான்.

"ஒரு அடி தள்னா போதும்பா," என்றார் முதலாளி.

"ஒரு அடி தள்னா ஒம்போது ஆயிடும் மொதலாளி. ஒம்போது ஆவாது. ஆயுச சாப்புட்டுடும். பத்து வெச்சுக்கலாம். பத்துன்னா ஆடு மாடு பெருகும்."

"அப்போ இவன் ரூமு?"

மேஸ்திரி டேப்பை இழுத்தார். "ஏழு வரும். ஏழு தரித்திரம்தான். ஆனா டிரைவர் ரூமுக்கு எதுக்கு மொதலாளி கணக்கு?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான். ஒன்பது ஆயுசைச் சாப்பிடும் என்றால், ஒன்பதடி அறையில் இத்தனை வருஷம் நாங்கள் இருந்தோம், அதில்தான் அவளுக்குக் கையும் காலும் போனது. இதிலெல்லாம் உனக்கு நம்பிக்கை உண்டா என்று அதற்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வரவேண்டிய இடம் அது, அதுவும் வரவில்லை. டேப்பைச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.

ஆனி மாதக் கடைசியில் பழைய சுவரை இடித்தார்கள். இடித்து, செங்கல்லைப் பொறுக்கி ஓரம் அடுக்கியதும் மேஸ்திரி கையை உதறிக்கொண்டார். ஆடி பிறக்கப்போகிறதாம். ஆடியில் புதுச் சுவர் எழுப்பக் கூடாதாம்.

"அப்போ இத்த ஏன் இடிச்ச?" என்று கேட்டேன்.

"இடிக்கிறதுக்கு மாசம் இல்லப்பா. கட்டறதுக்குத்தான் மாசம் கீது," என்றார். எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

காரும் ஆவணியில்தான் எடுப்பது என்று முதலாளி முடிவு செய்தார். பழைய காரை அதற்குள்ளேயே கொடுத்துவிட்டார். ஆடி முழுக்க ஷெட்டும் அறையும் ஒன்றாகக் கிடந்தன, நடுவில் ஒரு தார்ப்பாய். சுவரும் இல்லை, காரும் இல்லை. எனக்கு மில்லின் லோடு வண்டியைக் கொடுத்தார்கள். காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். கட்டில் காலிலிருந்து பின் கதவுவரைக்கும் ஒரு தாம்புக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். பலமாகத்தான் கட்டினேன். அவள் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "கயிறு ஆடுது. காரு ஆடாது," என்றாள்.

இருந்தாலும் நான் இல்லாதபோது அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். பாதி வழியில் கயிறு தொய்ய, அவளும் சாய்ந்துவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை. முதலாளி வீட்டு அம்மாதான் தூக்கி உட்காரவைத்தாராம். அன்றிலிருந்து நான் திரும்பும்வரைக்கும் அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே. கட்டிலிலேயே கிடந்தாள். கால் விறைக்க ஆரம்பித்தது. தொட்டால் தெரியவில்லை என்றாள், கிள்ளினாலும் தெரியவில்லை என்றாள். நானும் கிள்ளிப் பார்த்தேன். அவளுக்கு வலிக்கவில்லை, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பேரும் அந்தக் காலை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி பிறந்தது. சுவர் எழும்பியது, பூச்சு காய்ந்தது, கார் வந்தது. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டயர் அத்தனை அகலம். எலுமிச்சம்பழம் அதன் முன்னால் ஒரு நெல்லிக்காய் மாதிரி கிடந்தது. "எலுமிச்சம்பயம் நசுங்குச்சா பாருப்பா," என்று முதலாளி இறங்கி வந்து குனிந்து பார்த்தார். எல்லாம் நல்லபடியாக நசுங்கியிருந்தன.

அவர் காரை மதில் ஓரமாக விடச் சொன்னார், ஓட்டுகிற பக்கத்துக் கதவு விரியத் திறக்க வேண்டும் என்பதற்காக. நான் நடுவில் விட்டேன். நடுவில் விட்டால்தான் காருக்கும் புதுச் சுவருக்கும் இடையே பழைய இடைவெளி வரும். இறங்கி நின்று, முழங்கையை நீட்டி அளந்து பார்த்தேன். அவளுக்குச் சரியாக இருந்தது. காரும் நீளம். காரைப் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கூப்பிட்டேன்.

"வா. வந்துடுச்சி."

வந்தாள். நான் தாங்கிக்கொண்டுவந்து ஷெட்டின் முனையில் விட்டேன். சுவரைத் தடவிப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். "கிட்ட வராத," என்றாள் மறுபடியும். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இடது பக்கத்தைக் காரின் மேல் சாய்த்து ஒரு காலை வைத்தாள். அடுத்த காலை இழுத்தாள். கார் கத்த ஆரம்பித்தது.

விளக்கெல்லாம் மின்னி மின்னி அணைய, தெருவே அதிர்கிற மாதிரி கத்தியது. யாராவது சாய்ந்தால் அதற்குத் தெரிந்துவிடுமாம். திருடன் என்று நினைத்துக்கொள்ளுமாம். அவள் கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலது கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டாள். இன்னொரு காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

முதலாளி ஓடிவந்தார். சாவியை அழுத்தி அடக்கினார். "அய்யய்யோ, அடி பட்டுச்சாம்மா?" என்று உண்மையாகவே பதறினார். கேட்டுக்கொண்டே அவர் உள்ளங்கை காரின் பக்கவாட்டை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு முறை தடவிப் பார்த்தது. கீறல் ஏதும் இல்லை. பிறகு என்னிடம், "மின்னாடியே சொல்லக்கூடாதா? இத்த ஆஃப் பண்ணி வெச்சிருப்பேனே," என்றார். அப்போதே ஆஃப் செய்தும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதற்கப்புறம் ஷெட்டுக்குள் வரவில்லை. மறுநாள் கூப்பிட்டேன். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். "வேணாம்யா. நான் இன்னா திருடியா?" என்றாள். நான் தூக்கிக்கொண்டு போனேன். மறுபடியும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தாமலில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்து பார்த்தாள். ஏழடி அறையில் கட்டில் போக, ஒரு சக்கர நாற்காலி வாங்கினாலும் திருப்ப இடமில்லை. "நைனா, நான் அம்மாவ கூட்டிக்கினு போறேன்," என்றாள். நீயும் வா என்றும் சொன்னாள். நான் போனால் வேலைக்கு எங்கே போவேன்? போகவில்லை. வண்டியில் ஏற்றும்போது என் மனைவி ஷெட்டுப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நானும் வரும் வரும் என்று பார்த்தேன். உள்ளே போய் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்போது முதலாளிதான் அந்தக் காரை ஓட்டுகிறார். வெளியே போகும்போது அவர், ஷெட்டில் விடும்போது நான். துடைப்பதும் நான்தான். போன வாரம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே பெயரில் அடுத்தது வருகிறதாம், இன்னும் அகலமாம். மேஸ்திரியிடம் பேசிவிட்டாராம், பதினொன்றும் நல்ல எண்தானாம். அப்படியானால் எங்கள் அறைக்கு ஆறு வரும். ஆறும் நல்ல எண் என்று மேஸ்திரி சொன்னாராம். ஒரு வழியாக அந்த அறைக்கும் நல்ல காலம் வந்துவிட்டது.

காலையில் துணியை நனைத்துக்கொண்டு வலது பக்கத்தில் நிற்கிறேன். துடைக்க ஒன்றும் இல்லை, தூசுதான். நேற்று துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் செய்தாள்.

"இன்னாய்யா பண்ற?"

"கார தொடைச்சிக்கினு கீறேன்."

"எப்பிடி நிறுத்திக்கினு கீற? ஓரமாவா?"

"நடுவுலதான்."

மகள் வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

"மொதலாளி ஒண்ணும் சொல்லலியா?"

"டெய்லி கத்தறாரு. கதவு தொறக்க முடிலயாம்."

"யோவ், ஓரமாவே நிறுத்துய்யா. நான் வரமாட்டேன்."

"சரி," என்றேன்.

சாயங்காலம் முதலாளி காரை வாசலில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். உள்ளே ஓட்டிப்போய், இறங்கி, முழங்கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில்தான் நின்றிருந்தது.